ஒட்டகமும் உலக்கையும்

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் நெட்டை அண்ணனைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆறடியைத் தாண்டிய உருவம், குழந்தை மனசு, அவசர வாய். படுக்கை விரிப்புகளை மடிப்பது அவர் வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். எதிர்முனையில் நிற்பவர் தங்கையின் கணவர். அண்ணனின் தோளுக்குக்கூட எட்டாத மாப்பிள்ளை.

கைகள் மடிக்கும், வாய்கள் குத்துச்சண்டை பேசும். ஹெவிவெயிட்டின் இரண்டு ஜாம்பவான்கள் மோதப்போவதாக வெகுநாளாக வதந்தி. இன்னும் ஒப்பந்தம்கூட ஆகவில்லை. நீளக் கைக்காரனுக்கு இவர்கள் வைத்த பெயர் ஒட்டகம். குட்டையாய் இருந்து இடியாய் இறக்குபவன் உலக்கை.

"ஒட்டகத்தோட கை நீளத்துக்கு உலக்கை கிட்டவே வரமுடியாது மாப்ளே."

"வந்துட்டா? விலாவுல ரெண்டு வெச்சா ஒட்டகம் மண்டி போட்டுடும் மச்சான்!"

"ஸ்டூல் போட்டு ஏறியா அடிப்பான்? குட்டையனுங்களுக்கு எதுக்குய்யா இந்த வீண் ஆசை?"

கூடமே சிரித்தது. மாப்பிள்ளை சிரிக்கவில்லை. கல்யாணத்தன்று, 'பெண்ணைவிடக் குட்டை' என்று யாரோ கிசுகிசுத்தது அவர் நெஞ்சில் இன்னும் முள்ளாக இருந்தது. அந்த முள்ளை இன்று மச்சானே அழுத்திவிட்டார்! முனைகளைக் கீழே போட்டுவிட்டு நேராக மேற்பார்வையாளரிடம் போனார்.

"என்னை ஈரத்துணிப் பக்கம் மாத்திடுங்க சார்."

மாலையில் தங்கை போனில் அழுதாள். "நடக்காத சண்டைக்காக என் வீட்டுல சண்டை மூட்டிட்டியேண்ணா! இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டாராம். நானும் மிதிக்கக் கூடாதாம்!"

அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனை எடுத்தார், எண்ணை அழுத்தாமலே வைத்துவிட்டார்.

மறுநாள் எதிர்முனையில் ஒரு புது ஆள். அவரும் நல்ல உயரம். முதல் விரிப்பு தரையில் புரண்டது. அடுத்ததும் புரண்டது.

"அண்ணே, நிமிர்ந்து நில்லுங்க! இல்லாத நாற்காலியில உக்கார்ற மாதிரி ஏன் நிக்கிறீங்க?"

அண்ணன் கீழே பார்த்தார். முழங்கால்கள் தாமாக மடிந்திருந்தன. நிமிர்ந்தார். விரிப்பை உதறியதும் மறுபடி மடிந்தன.

ஈரத்துணி வண்டியைத் தள்ளிவந்த மாப்பிள்ளை அப்படியே நின்றுவிட்டார். இத்தனை காலமும் இந்த மனிதர் தன் உயரத்துக்கு இறங்கியல்லவா நின்றிருக்கிறார்! முட்டி வலி, முட்டி வலி என்று தங்கையிடம் தைலம் கேட்டு வந்ததெல்லாம்...

வந்து, புது ஆளிடமிருந்து முனைகளை வாங்கிக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன.

"வலிக்குதுன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே மச்சான், எதனாலன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"எனக்கே இப்பதான்யா தெரியும். நேத்து நான் பேசுனது தப்பு மாப்ளே."

விரிப்பு காற்றில் எழும்பித் தணிந்தது. ஒரு முனைகூடத் தரையைத் தொடவில்லை.

"சரி, விடுங்க. அதுக்காக முடிவு மாறிடாது. ஆறாவது ரவுண்டுல ஒட்டகம் காலி."

"மொதல்ல அந்த உலக்கை நெருங்கி வரட்டும்" என்றார் அண்ணன், முட்டியை மடித்தபடியே மாப்பிள்ளையை நோக்கி நடந்து.