கைடை விசாரித்த விதம்

கொரோனா இரண்டாம் அலையின்போது எனக்கு முனைவர் பட்ட ஆய்வுக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று ஹைதராபாத், மற்றது கோயம்புத்தூர். இரண்டிலும் ஆற்று மீன்கள்தான் ஆய்வு. இரண்டு ஊரையும் நான் பார்த்ததில்லை. நேர்முகத் தேர்வே சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து செல்போனில்தான் நடந்தது. அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

எனக்குக் கைடாக வரப்போகிற இரண்டு பேராசிரியர்கள் மேலும் நம்பிக்கை வரவில்லை. ஹைதராபாத் பேராசிரியர் என் ஆய்வுத் திட்டத்தை வரிவரியாகப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டார். இவ்வளவு பெரிய மனிதர் என் எழுத்தை ஏன் இத்தனை கவனமாகப் படிக்க வேண்டும்? இவரிடம் சேர வேறு ஆள் கிடைக்கவில்லையோ என்று நினைத்தேன். கோயம்புத்தூர்க்காரர் படிக்கவே இல்லை. அது எனக்கு இயல்பாகப் பட்டது.

பீடி இலை நறுக்கிக்கொண்டே அம்மா வழி சொன்னாள். "ஏட்டி, பொண்ணு குடுக்கதுக்கு நாலு பேருட்ட விசாரிக்கோம்லா? அஞ்சு வருசம் அவருட்ட கெடக்கப்போற. அங்க படிக்க பிள்ளையளுக்குப் போன் போட்டுக் கேளு."

எங்கள் பக்கம் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தால் யாரும் வாய்விட்டுக் குறை சொல்லமாட்டார்கள். சம்பந்தத்தைக் கெடுத்த பாவம் நமக்கெதற்கு என்று இருப்பார்கள். கேட்டவுடனே "தங்கமான பையன்" என்று வந்தால் சரி. கொஞ்சம் நிறுத்தி, தொண்டையைச் செருமிவிட்டு "நல்ல பையன்" என்று வந்தால், ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பிவிடுவோம்.

கோயம்புத்தூர் மாணவன் நான் கேட்டு முடிக்குமுன்பே "சார் தங்கமானவர்" என்றான். ஹைதராபாத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த மதுரைக்கார அக்கா ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு "நல்லவங்கம்மா" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. ஒரு வாரம் கழித்துப் பேசலாமா என்று கேட்டார்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "யோசிச்சுல்லா சொல்லுதா. என்னமோ இருக்கு, வேண்டாம்ட்டி" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அன்று சாயங்காலமே, குடும்பச் சூழ்நிலையால் வர இயலவில்லை என்று ஹைதராபாத்துக்கு மெயில் அனுப்பினேன்.

நாலாம் நாள் அந்த அக்காவே கூப்பிட்டார். நான் பேசிய அன்று சார் ஆக்சிஜனில் இருந்தாராம். வெளியே சொல்ல வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டார்களாம். "ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறப்பக்கூட, அந்தப் பிள்ளை சீட்டை வேற யாருக்கும் குடுத்துராதீங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. இப்ப தேறிட்டாங்க. அவங்க மெயிலை இப்ப நான்தான் பாக்குறேன். உன் மெயிலை இன்னும் காட்டலை. மனசு மாறுனா சொல்லு, அழிச்சிடுறேன்."

அப்போதாவது நான் சரி என்றிருக்கலாம். ஆள் பிடிக்கக் கட்டிய கதையாக இருக்குமோ என்று தோன்றியது. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன்.

அக்கா ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார், வார்டையும் சொன்னார். "வேணும்னா விசாரிச்சுக்கம்மா" என்று போனை வைத்துவிட்டார். என் மெயிலைச் சாரிடம் காட்டியும்விட்டார்.

வெட்கத்தில் நான் திரும்பக் கூப்பிடவில்லை. கோயம்புத்தூரில் பணம் கட்டிச் சேர்ந்தேன். சேர்ந்த வாரத்தில் ஹைதராபாத் சாரிடமிருந்து என் மெயிலுக்குப் பதில் வந்தது. எங்கே படித்தாலும் மீன்களை விட்டுவிடாதே, உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதியிருந்தார். உள்குத்து ஏதாவது இருக்கிறதா என்று அதையும் நாலு தடவை படித்துப் பார்த்தேன்.