தண்டவாளத்தை நம்பாத எஞ்சின்

லிஃப்ட் மெக்கானிக்கிடம் ஜனங்கள் பேசுவது இரண்டே சமயத்தில்தான். பாதியில் சிக்கிக்கொண்டால் "அண்ணே, சீக்கிரம் திறங்கண்ணே!" என்று கதறுவார்கள். வெளியே வந்த மறுநிமிடம், "என்னய்யா இவ்வளவு நேரம்?" என்று முறைத்துவிட்டுப் போவார்கள். ஐம்பதைத் தாண்டிய அந்த மனிதருக்கு இது பழகிவிட்டது. "என் பொழப்பே மேல போறதும் கீழ வர்றதும்தான். முன்னால போனதா சரித்திரமே கிடையாது" என்று சொல்லிச் சிரிப்பார். கேட்பதற்கு ஆள் இருந்தால்.

கல்யாணம் ஆகவில்லை. அம்மா இருந்தவரை அம்மாவுக்குத் துணை என்று தள்ளிப்போட்டார். பிறகு கேட்பாரில்லாமல் போயிற்று. கூடப் பிறந்தது ஒரே அண்ணன், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அம்மா போனபின் வீட்டை விற்றுச் சாமான்களைப் பிரித்த அன்று இருவருக்கும் முட்டிக்கொண்டது. நகைக்கோ நிலத்துக்கோ அல்ல, ஒரு பொம்மை ரயிலுக்கு. கப்பலில் வேலைபார்த்த மாமா வாங்கித் தந்த ரயில் அது. எஞ்சின், நான்கு பெட்டி, வட்டமாகப் பூட்டும் தண்டவாளம், அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர்.

"எனக்குப் பிள்ளைங்க இருக்காங்க. உனக்கு யாரு இருக்கா? உனக்கெதுக்குடா ரயிலு?" என்றார் அண்ணன்.

தம்பி எஞ்சினையும் பெட்டிகளையும் தண்டவாளத்தையும் வாரிப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினார். டிரான்ஸ்பார்மர் அண்ணனின் அட்டைப்பெட்டியில் தங்கிவிட்டது. அதன்பின் பேச்சுவார்த்தை இல்லை. ரயிலும் ஓடவில்லை.

வாடகை அறையின் அலமாரியில் அது சும்மா கிடந்தது. டிரான்ஸ்பார்மரைக் கேட்டு வாங்க மனம் ஒப்பவில்லை. புதிதாக வாங்கலாம் என்று விசாரித்தால், யானை விலையைவிட அங்குசத்தின் விலை ஏறிப்போயிருந்தது. தண்டவாளமும் துருவேறிவிட்டது, மின்சாரம் கொடுத்தாலும் சக்கரம்வரை ஒழுங்காகப் போகாது.

ஒருநாள் அவர் லிஃப்ட் பார்க்கும் குடியிருப்பில், குப்பைத்தொட்டி ஓரமாக ஒரு ரிமோட் கார் கிடந்தது. டயர் இல்லை, பேட்டரி செத்திருந்தது. ஆனால் ரிமோட்டை அமுக்கினால் கேட்டு நடக்கும் குட்டி போர்டு உள்ளே பத்திரமாக இருந்தது. அதைக் கையில் எடுத்த கணத்தில் அவருக்குப் பொறி தட்டியது. பேட்டரியை ரயிலுக்குள்ளேயே வைத்துவிட்டால் தண்டவாளம் வெறும் பாதைதானே? அண்ணனிடம் போய் நிற்க வேண்டியதில்லை.

எஞ்சினைத் திறந்தார். சக்கரத்திலிருந்து மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் வெட்டினார். மோட்டாரைக் கார் போர்டோடு சேர்த்து ஈயம் உருக்கிப் பற்றவைத்தார். எஞ்சினுக்குள் பேட்டரிக்கு இடமில்லை. பின்னால் வரும் சரக்குப் பெட்டியில் வைத்து, மெல்லிய ஒயரை முன்னால் இழுத்தார். பழைய செல்போன் பேட்டரி ஒன்றைப் பொருத்தி ரிமோட்டை அமுக்கினார். எஞ்சின் உறுமியதே தவிர அசையவில்லை.

செல்போன் ரிப்பேர் கடைக்கார அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவள் உப்பியிருந்த அந்த பேட்டரியைப் பார்த்ததும் பதறிவிட்டாள்.

"முதல்ல இதைக் கீழ வைங்க! வெடிச்சிரும். ஒரே மாதிரி ரெண்டு நல்ல பேட்டரி செல் தர்றேன், வரிசையா கோத்து மாட்டுங்க. ஏழரை வோல்ட் கிட்ட வரும். சார்ஜ் போட தனி போர்டு இருக்கு, அதில்லாம போடாதீங்க."

"ஏழரை எனக்குப் புதுசில்லம்மா. கூடவே பொறந்தது" என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார்.

இந்த முறை ரயில் கிளம்பியது, பின்பக்கமாக. ஒயரை மாற்றி வைத்தார். முன்னால் போனது, வளைவில் சரக்குப் பெட்டி கனமில்லாமல் துள்ளிக் கவிழ்ந்தது. பெட்டியின் அடியில் நாலைந்து இரும்பு நட்டுகளை ஒட்டினார். பிறகு நிற்கவேயில்லை. கட்டில் காலைச் சுற்றி, நாற்காலிக்கு அடியில் புகுந்து, துருப்பிடித்த பாதையில் நிதானமாக ஓடியது.

"ஓடுதுடா!" என்று கத்தினார். சுவர்தான் கேட்டது. வாசல் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். எதிர்வீட்டில் பூட்டு. மாடிப்படியில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு உள்ளே வந்து, செல்போனில் அதைப் படம் பிடித்தார். யாருக்கு அனுப்புவது? பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். எல்லாம் லிஃப்ட் உள்ள கட்டடங்களின் காவலாளிகள். கடைசியில் அண்ணிக்கு அனுப்பினார்.

சற்று நேரத்தில் அண்ணியே கூப்பிட்டாள்.

"தம்பி, நல்லா இருக்கீங்களா? உங்கண்ணன் அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துட்டிருக்காரு. இங்க டிரான்ஸ்பார்மர் பரண்லதான் கிடக்கு. கொண்டுவந்து கொடுக்கச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் அண்ணி. இனிமே அது தேவைப்படாது."

பெருமையாகத்தான் சொன்னார். போனை வைத்தபிறகுதான் உறைத்தது. அண்ணன் தன் வாசலை மிதிக்க இருந்த ஒரே சாக்கையும் தன் கையாலேயே வெட்டிவிட்டார். ரயில் சுற்றிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தக்கூடத் தோன்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பேட்டரி இறங்கி, அது நாற்காலிக்கடியில் தானாகவே நின்றது.

மறுநாள் மதியம், மேல்தளத்து லிஃப்ட் மோட்டார் அறையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தவர், பிரித்தபடியே வைத்துவிட்டு அண்ணியைக் கூப்பிட்டார்.

"அண்ணி, அண்ணனைச் சும்மா வரச் சொல்லுங்க. எதுவும் கொண்டுவர வேண்டாம்."

அண்ணி அதை அப்படியே உள்பக்கம் திரும்பிச் சொன்னாள். அப்புறம் தூரத்திலிருந்து அண்ணனின் குரல் கேட்டது. "வீடு எங்கேன்னு கேளு."

வந்தார். முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்தார். சரக்குப் பெட்டியைத் தூக்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒயரையும் நட்டுகளையும் பார்த்தார். "பத்த வச்சது சுத்தமா இருக்கு" என்றார். சாமான் பிரித்த அன்று சொன்ன சொல்லை அவரும் எடுக்கவில்லை, இவரும் கேட்கவில்லை. டீ குடித்தார்கள். ரயில் ஓய்ந்ததும் அண்ணன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வர்றேன்டா."

"ம்."

இப்போதும் எப்போதாவது வருகிறார். வந்தால் பேச்சு எஞ்சினைப் பற்றியது மட்டும்தான். விட்டுப்போன மற்றதெல்லாம் விட்டுப்போனதுதான். அவர் போன பிறகு அறை முன்னைவிடப் பெரிதாகத் தெரிகிறது. தம்பி விளக்கைப் போட்டு, செல்களைக் கழற்றிச் சார்ஜில் வைக்கிறார்.