பொலிகாளைக்குச் சோளம்

அந்த வருஷம் தை மாதப் பனி ராகலைப் பக்கத்துப் புல்லையெல்லாம் கருக்கிவிட்டது. காலையில் வடிகால் கானோரம் வெள்ளை பூத்துக் கிடக்கும். வெயில் ஏறியதும் அத்தனையும் வெந்த கீரைபோலத் துவண்டுவிடும். கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து இறங்கி ஆற்றோரமாகத் தேடித் தேடி அறுத்தாலும் ஒரு கட்டுக்கு மேல் தேறவில்லை. தேயிலைக்குள் வளர்ந்த புல்லில் கை வைக்கப் பயம். களைக்கு மருந்து அடித்திருப்பார்கள்.

நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் எங்கள் பட்டியில் ஒரு பசுவும் அது ஈன்ற இளங்காளையும் நின்றன. தோட்டத்துப் பால் சங்கத்தார் அந்தக் காளையைப் பொலிகாளையாக எடுக்க நினைத்திருந்தார்கள். சினை ஊசி போடுகிறவர் டவுனிலிருந்து ஏறி வருவதற்குள் பசுவின் பருவம் தப்பிப்போகிறது, இங்கேயே ஒரு காளை வேண்டும் என்பது அவர்கள் பேச்சு.

என் வீட்டுக்காரர் கம்பஹாப் பக்கம் ஒரு பெரிய பண்ணையில் சில காலம் வேலை செய்தவர். அங்கே தீன் தின்ற காளைகள் யானைக்குட்டி மாதிரி நிற்குமாம்.

“வெறும் புல்லத் தின்னு எந்தக் காளைக்கு நெஞ்சு விரிஞ்சிருக்கு? இவன் விலா எலும்ப எண்ணிரலாம் போலருக்கு” என்றார்.

“இவன் சரிவுல ஏறி எறங்கணும்ங்க. கொழுத்துட்டா கால் தாங்காது.”

ஆனால் விலா எலும்பு தெரிந்தது உண்மைதான். அதனால் அவர் நொறுக்கின சோளமும் புண்ணாக்கும் கொண்டுவந்தபோது நான் மறுக்கவில்லை. சிரட்டையில் தொடங்கியது சீக்கிரமே வாளிக்குப் போய்விட்டது. காளையின் தோல் மினுங்கியது, கழுத்து திரண்டது. பீலிக்குத் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சங்கத்தார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் வாளி நிறையச் சோளம் கொட்டினார். காளை நக்கி முடித்ததும் இன்னொரு வாளியும் கொட்டினார்.

“போதும்ங்க.”

“ஆளுங்க வர்றப்ப நெறஞ்சு நிக்கணும் புள்ள.”

சனிக்கிழமை காலை பட்டிக்குள் நுழைந்ததும் புளித்த கள்போல வாடை அடித்தது. சாணி தண்ணீராகப் போயிருந்தது, அதில் சோளத் துணுக்குகள் அப்படியே கிடந்தன. காளை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்தது. இடப்பக்க வயிறு புடைத்திருந்தது. புல்லை மூக்கருகே நீட்டினேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவர் மிருக வைத்தியரைப் போனில் பிடித்தார். சிங்களத்தில் பேசப் பேச அவர் முகம் வெளுத்தது.

“வயித்துல புளிச்சுப்போச்சாம். படுக்க விடக் கூடாதாம். அப்பச்சோடாவக் கரைச்சு ஊத்தச் சொல்றாரு. அவரு வந்துக்கிட்டிருக்காராம்.”

அடுத்த காம்பராவில் குடியிருந்த அக்கா அப்பச்சோடா கொண்டு ஓடிவந்தார். போத்தலைக் கடைவாயில் வைத்து, புரையேறாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். பாதி வெளியே வழிந்தது. பிறகு அவர் கயிற்றைப் பிடிக்க, லயத்துக்கு முன்னால் மெதுவாக நடத்தினோம். நாலு எட்டு வைக்கும், நின்றுவிடும். முனகும்போதெல்லாம் அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தேன்.

திடீரென்று அதன் முன்னங்கால் மடிந்தது. அத்தனை பாரமும் அவர் பக்கம் சரிந்தது. கான் சுவரோடு அவரை நெருக்கிவிட்டது.

“கயித்த விடுங்க! வெளிய வாங்க!” என்று கத்தினேன்.

“விட்டா படுத்துருவான்!”

நானும் அக்காவும் வாலைப் பிடித்துத் தூக்கினோம். எங்கள் பலத்தால் எழுந்ததா, அதுவாகவே எழுந்ததா தெரியவில்லை. அவர் நொண்டியபடி வெளியே வந்தார். கயிறு கையிலேயே இருந்தது.

வைத்தியர் வந்து குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார், ஊசி போட்டார். மத்தியானத்துக்கு மேல் காளை ஒரு ஏப்பம் விட்டது. என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

மறுநாள் சங்கத்தார் வந்தார்கள். இவர் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன்.

“நாந்தான் சோளத்த அள்ளிக் கொட்டிக் கெடுத்துட்டேன். இப்ப இவன நம்பாதீங்க” என்றார்.

சங்கத் தலைவர் காளையைச் சுற்றி வந்து பார்த்தார். “மழ வரைக்கும் பாப்போம்” என்று மட்டும் சொன்னார்.

உயிர் தப்பியதே தவிர, சில நாளில் குளம்பு சூடேறி, காளை நெருப்பை மிதிப்பதுபோல நடந்தது. அப்படியே நொண்டியாகிவிடலாம் என்று வைத்தியர் எச்சரித்தார். புல்லும் வைக்கோலும்தான் சாப்பாடு, தேறிய பிறகு தீன் கையளவு போதும், அடுத்த பனிக்கு முன்பே புல்லைக் காயவைத்துக்கொள்ளுங்கள் என்றார். விடிந்ததும் அரிவாளோடு என் வீட்டுக்காரரே கிளம்பிவிடுவார். உடப்புசல்லாவை ரோட்டோரம் வரை போய் அறுத்து வருவார். காளைக்குப் பழைய மினுக்கம் போய், வயிறு ஒட்டி, கால்கள் மெல்ல உறுதிப்பட்டன.

மழை பிடித்த பிறகு ஒரு பசுவைக் கொண்டுவந்தார்கள். நான் பட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காளை முதல் தடவை வழுக்கி இறங்கியது. அவர் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். இரண்டாம் தடவை பின்னங்கால் இரண்டையும் ஊன்றி ஏறியது.

அந்தப் பசு சினை பிடிக்கவில்லை. சங்கத்தில் முணுமுணுத்தார்கள். அடுத்து வந்தது பிடித்தது, அதற்கடுத்ததும் பிடித்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு முதல் கன்று பிறந்த சேதி வந்தபோது அவர் புல் அறுக்கப் போயிருந்தார். நான் பாதி வழி ஓடிப்போய்ச் சொன்னேன்.

“கன்னுக்குக் கால் எப்பிடி இருக்காம்?” என்று கேட்டார்.