அக்கா வைத்த கூடுதல் தட்டு

எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையான அக்காவை இறைவனிடம் ஒப்படைத்து இன்று முப்பத்தோராம் நாள். இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை உறவினர்கள் என்னிடம் தந்தார்கள். பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இதன் முதல் வரி வருவதே பெரும் பாடாகிவிட்டது. மனம் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்தார். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. அம்மா கொழுந்து பறித்தார். அம்மா விடிந்ததும் மலைக்குப் போய்விட, எங்களைக் குளிப்பாட்டி, ரொட்டி சுட்டுக் கொடுத்து, பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனவர் அக்காதான். படிப்பில் கெட்டிக்காரர். ஆனால் அம்மா நோயில் விழுந்ததும் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திக்கொண்டார். அதை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. பதுளையில் அருட்சகோதரிகள் நடத்திய முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து, அவர்கள் மூலமாகவே அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனார். நினைவு தப்பியவர்களுக்கு ஊட்டிவிடுவதும், நடக்க முடியாதவர்களைக் குளிப்பாட்டுவதும் அவருடைய வேலை. திருமணம் செய்துகொள்ளவில்லை. என்னைப் படிக்க வைத்தது அவருடைய உழைப்பு. புற்றுநோயோடு ஊர் திரும்பியபின் கடைசி வரை எங்கள் வீட்டிலேயே இருந்தார்.

அவர் வந்த சில மாதங்களில் என் ஒரே மகள் ஷாலினிக்கு அதே அயர்லாந்து இல்லத்தில் வேலை கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கு மட்டும் தூக்கம் போய்விட்டது. தெரியாத ஊர், பனி, தனி அறை, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தர ஆளில்லை. விசா வந்த பிறகும் நான் சரி என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அக்கா இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

டிசம்பர் மாதத்தில் ஒருநாள், “இந்த வருசம் நத்தாருக்கு மொதநாள் அயர்லாந்துச் சாப்பாடு போடப் போறேன், எல்லாரையும் கூப்பிடு தம்பி” என்றார். நிற்கவே முடியாதவர். வேண்டாம் என்றேன். “நான் உக்காந்துக்கிட்டே சொல்றேன், ஒம்பொஞ்சாதியும் ஒம்மகளும் செய்யட்டும்” என்று முடித்துவிட்டார்.

அந்த நாட்டில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை இறைச்சி கிடையாதாம். உப்பிட்டுக் காயவைத்த மீனை அவித்து, வெங்காயமும் மாவும் சேர்த்துக் காய்ச்சிய பாலை அதன்மேல் ஊற்றி, உருளைக்கிழங்கோடு சாப்பிடுவார்களாம். உப்பு மீன் என்றால் நமக்குக் கருவாடுதானே. வெலிமடைக் கிழங்கை அவித்து மசித்து, நறுக்கி அவித்த கோவா இலையும் வெண்ணெயும் கலந்தார்கள். தயிர் ஊற்றிப் பிசைந்த மாவின்மேல் கத்தியால் சிலுவை கீறிப் பாண் சுட்டார்கள். அக்கா கதிரையில் இருந்தபடி ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துச் சரி சொன்னார்.

எல்ல பக்கத்துத் தோட்டத்திலிருந்து சித்தப்பா த்ரீவீலரில் வந்து இறங்கினார். நேராக அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, கருவாட்டுக்குப் பால ஊத்துறியே, தின்னா ஒடம்புக்கு ஆகுமா?”

“ஆகாட்டி நான் அங்க போன மொத வருசமே போய்ச் சேந்திருப்பேனே சித்தப்பா.”

பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா சட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டு, “ஒரு கொச்சிக்கா கூடவா போடல, ஒறைப்பே இல்லையே? பத்தியச் சாப்பாட்டுக்கா எங்களக் கூப்பிட்டீங்க?” என்றார். அக்கா வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

இருட்டத் தொடங்கியதும், வீட்டில் இளையவர்தான் ஏற்ற வேண்டுமாம், அக்கா ஷாலினியைக் கூப்பிட்டு, சன்னலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னார். பிறகு வாசலைப் பார்த்த இடத்தில் ஒரு தட்டைக் கூடுதலாக வைத்து, கிழங்கும் கருவாடும் ஒரு துண்டுப் பாணும் பரிமாறி, பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரும் வைக்கச் சொன்னார்.

அதற்கு முன்னால் ஆள் இல்லை.

கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து இத்தனை தலைமுறை ஆகியும், இறந்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து விளக்கேற்றிப் படைக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் போகவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆளில்லாத சாப்பாடும் பக்கத்தில் வெளிச்சமும் எங்களுக்கு ஒன்றைத்தான் சொல்லும். சித்தப்பா எழுந்து நின்றார்.

“என்னம்மா இது? உசுரோட இருக்கையிலேயே ஒனக்கு நீயே படைக்கிறியா?”

என் மனைவி அழுதுவிட்டாள். நான் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினேன்.

“தம்பி, அத அங்கயே வை” என்றார் அக்கா. “அது செத்தவங்களுக்கு இல்லடா. நடந்து வர்றவங்களுக்கு. மாதாவும் சூசையப்பரும் ஏசு பொறக்க எடம் கெடைக்காம அலைஞ்ச ராத்திரி இல்லையா? அந்த ஊர்ல இன்னிக்குக் கதவத் தாப்பாப் போட மாட்டாங்க. யாரு வந்தாலும் அந்தத் தட்டு அவங்களுக்கு.”

அவர் போன முதல் வருடம், வேலை முடிந்து திரும்பும்போது கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, மழையில் வழி தெரியாமல் நடந்து, சன்னலில் வெளிச்சம் தெரிந்த ஒரு வீட்டைத் தட்டினாராம். வழி கேட்கத்தான் தட்டினார். அவர்கள் உள்ளே கூப்பிட்டு அந்தத் தட்டின் முன்னால் உட்கார வைத்தார்கள்.

“மூடியத் தொறந்ததும் கருவாட்டு வாசம். நம்ம லயத்துக்குள்ள போன மாதிரி இருந்திச்சு. அழுதுட்டேன். அந்த வீட்டம்மா நான் குளுருல அழுவுறேன்னு கம்பளியக் கொண்டாந்து போத்திவிட்டுச்சு. பெறகு வருசா வருசம் அந்த வீட்டுக்குத்தான் போவேன்.” பிறகு என்னைப் பார்த்தார். “நீ பயப்படு, வேணாம்னு சொல்லல. பெத்தவன் பயப்படத்தான் செய்வான். ஆனா போற எடத்துல நம்ம புள்ளைக்கு யாருமே இல்லன்னு மட்டும் நெனைக்காத.”

நான் தட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். சித்தப்பாதான் திடீரென்று தலையில் கை வைத்தார். “ஐயையோ, த்ரீவீலர்காரரு வெளியில தூறல்லயே இருக்காரும்மா!” என்று தானே இறங்கி ஓடினார். அவர் கூட்டிவந்த த்ரீவீலர்காரர் அந்தத் தட்டின் முன்னால் கூச்சத்தோடு உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்குங்க, ஒறைப்பா கொஞ்சம் சம்பல் இருக்குங்களா?” என்றார். லெட்சுமி அக்கா சேலைத் தலைப்புக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்த சம்பல் போத்தலை எடுத்து வைத்தார். அதன் பிறகுதான் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டோம், அக்காவையும் சேர்த்து.

அவர் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டது அதுவே கடைசி. தை பிறந்ததும் படுக்கையில் விழுந்தார். வலி அதிகமான நாட்களிலும் ஷாலினியிடம் அந்த இல்லத்துப் பெரியவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். யாருக்குத் தேநீரில் சீனி ஆகாது, யாரைத் தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம். ஒரு காலையில் நாங்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, என் கையைப் பிடித்தபடியே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வந்ததும் ஷாலினி, “நான் போகலப்பா, ஒங்கள இப்பிடி விட்டுட்டு எப்பிடிப் போறது?” என்றாள். அந்த வார்த்தை காதில் விழுந்தபோது என் நெஞ்சு லேசானது உண்மை. நீ இங்கேயே இரு என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் அக்காவை அந்த மழையில், அந்தக் கதவுக்கு முன்னால் பார்த்தேன். “போயிட்டு வாம்மா” என்றேன். அயர்லாந்தில் அக்காவுக்குக் கதவைத் திறந்த அந்த வீட்டம்மாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. தகவல் சொன்னபோது தொலைபேசியில் அழுதார். ஷாலினியை அழைத்துப்போகத் தன் மகனோடு விமான நிலையத்துக்குத் தானே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அக்காவின் நோய்க்காலத்தில் இரவு பகல் பாராமல் உதவிய வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், கஞ்சி கொண்டுவந்த லெட்சுமி அக்காவுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த தோட்டத்து இளைஞர்களுக்கும், தூரத்திலிருந்து வந்து எங்களோடு நின்ற உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இந்த மலரை உங்கள் கையில் தருகிறவள் ஷாலினிதான். அடுத்த வாரம் புறப்படுகிறாள். ஒற்றைப் பிள்ளையை ஏன் அனுப்புகிறாய் என்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள். இன்னொரு முறை யாராவது கேட்டால் நான் அவளை நிறுத்திவிடுவேன். அவள் தலையில் கை வைத்து, போயிட்டு வா என்று சொல்லுங்கள். நான் பக்கத்தில் நிற்கும்போது, என் காதில் விழும்படி சொல்லுங்கள்.

அன்புத் தம்பி