அப்பாவுக்காக எடுத்த அட்டை

எங்கள் சபையில் புது வருஷத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டு நிறைய அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். ஜெபித்துவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். எது வருகிறதோ அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குச் சொல்லும் வார்த்தை. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த கூடத்தில்தான் எங்கள் ஆராதனை. தட்டை நீட்டும்போது போதகர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "ஒரு கை, ஒரு அட்டை. மாத்தி மாத்தி எடுக்க இது லாட்டரி இல்ல."

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு அன்று வேலை. துவாசில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். பதினான்கு வருஷ சர்வீஸ். வேலையை ஆராதனை மாதிரிச் செய்கிறவனை ஆண்டவர் உயர்த்துவார் என்று போதகர் சொன்னதை அப்படியே நெஞ்சில் வாங்கிக்கொண்டவர். யாருமே எட்டிப் பார்க்காத கப்பலின் அடிவயிற்றில்கூட, முகமூடிக்குள் கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத்தான் நெருப்பைப் பற்ற வைப்பாராம். சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியாகியிருந்தது. அதற்காக மூன்று மாதமாக வெள்ளிதோறும் உபவாசம். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் பள்ளிப் படிப்பை முடித்ததில்லை. அப்பா எழுத்துக்கூட்டக் கற்றதே சபைக்கு வந்த பிறகுதான். அதனால் சூப்பர்வைசர் என்ற சொல்லை எங்கள் வீட்டில் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம்.

"அப்பாவுக்குப் பதிலா நீ எடுத்துடு," என்றார் அம்மா.

எடுத்தேன். மனம் ஒடிந்தவர்களுக்கு ஆண்டவர் பக்கத்தில் இருக்கிறார் என்கிற பொருளில் ஒரு வசனம். எனக்குப் பிடிக்கவில்லை. சூப்பர்வைசர் வேலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அம்மா யாரோ ஒரு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தார். அட்டையைத் திரும்பத் தட்டுக்குள் சொருகினேன். அடுத்தது பொறுமையைப் பற்றியது. அதுவும் உள்ளே போனது. மூன்றாவதில், தாழ்ந்து கிடப்பவனைத் தூக்கி உயரத்தில் வைப்பதாக இருந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நான்கு விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுப்பதில் நான் வகுப்பிலேயே கெட்டிக்காரன்.

சாயங்காலம் அப்பா சோப்புப் போட்டு இரண்டு முறை கையைக் கழுவிவிட்டு வந்து அட்டையை வாங்கினார். எழுத்துக்கூட்டி மூன்று தடவை வாசித்தார். "பதில் வந்துடுச்சு," என்றார் அம்மாவைப் பார்த்து. பட்டறை வாசலில் காட்டும் அடையாள அட்டையின் உறைக்குள், தன் போட்டோவுக்குப் பின்னால் அதைச் செருகிக்கொண்டார்.

மார்ச் மாதம் சித்தப்பா புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து வந்தார். அவர் கோயிலுக்குப் போகிறவர். அப்பா மதம் மாறிய பிறகும் இருவருக்கும் சண்டை வந்ததில்லை. கிண்டல் மட்டும் உண்டு.

"அண்ணே, கப்பல் யார்டுல ஆர்டர் இல்லன்னு ஊரே பேசுது லா. எங்க பஸ் கம்பெனி ஒர்க்ஷாப்புல வெல்டர் கேக்குறாங்க. திங்கக்கிழமையே சேந்துடலாம்."

அப்பா அட்டையை எடுத்துக் காட்டினார். சித்தப்பா அதை வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தூக்கி விடுறேன்னு போட்டிருக்கு, சரி. எந்தக் கம்பெனியிலன்னு கேட்டீங்களா?"

"இந்தக் கம்பெனியிலதான்டா கேட்டேன். கேட்டதுக்குத்தானே பதில் வரும்?"

நான் வீட்டுப்பாட நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அட்டையை அதற்குள் நானும் நம்ப ஆரம்பித்திருந்தேன். சித்தப்பா காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் மாதம் பட்டறையில் அப்பாவின் பிரிவையே மூடினார்கள். சூப்பர்வைசர் இடமும் அதோடு போயிற்று. பஸ் கம்பெனியில் அதற்குள் வேறு ஆள் சேர்ந்துவிட்டிருந்தார்.

அப்பா யாரையும் திட்டவில்லை. ஆண்டவர் வாக்கு மாற மாட்டார், அப்படியானால் தப்பு தன்னிடம்தான் என்று தேட ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை உபவாசம் தினமும் சாயங்காலம் வரை என்றானது. "எங்க தவறினேன்னு காட்டும் ஆண்டவரே," என்று அறைக்குள்ளிருந்து குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். என்றோ ஒரு ஹெல்பரைத் திட்டியது ஞாபகம் வந்து, நம்பரைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அந்த ஆளுக்கு அப்பாவையே ஞாபகமில்லை. பிறகு ஒரு நாள் அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு ஜோடி தோல் கையுறை கிடைத்தது. பட்டறையிலிருந்து கேட்காமல் கொண்டுவந்தது. அப்பாவின் முகத்தில் அன்றுதான் கொஞ்சம் தெளிவு வந்தது. பள்ளி விடுமுறை என்பதால் என்னையும் துவாசுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

பட்டறை வாசலில் இருந்த காவலர் தமிழர். கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னண்ணே, விரல் கிழிஞ்சிருக்கு. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? குப்பையில போடுங்க லா."

"நீங்க வாங்கிக்கிட்டா போதும்," என்றார் அப்பா. குரல் கெஞ்சியது. அப்பா யாரிடமும் கெஞ்சி அதுவரை நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குத் தாங்கவில்லை. "அப்பா, அது உங்க அட்டை இல்ல. மூணாவதா எடுத்தது," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். "முதல்ல வந்தது என்ன?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

தப்பு தன்னுடையது என்று இருந்தவரை அப்பாவுக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது. தேடலாம், திருத்தலாம், திருப்பிக் கொடுக்கலாம். அவர் தலையிலிருந்து பாரத்தை இறக்கி வைப்பதாக நினைத்துக்கொண்டு அந்த வேலையையும் நான் பிடுங்கிவிட்டேன். இது எனக்குப் புரிய வெகு காலமாயிற்று.

பூன் லே பஸ் நிலையத்தில் இறங்கியதும் அப்பா நேராகச் சாப்பாட்டுக் கடைக்குப் போனார். காலை பதினொரு மணி. இரண்டு தட்டு மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கி வந்து வைத்தார். நான் வழக்கம்போலக் கைகளைக் கோத்துக் கண்ணை மூடி, அவர் ஜெபம் சொல்லக் காத்திருந்தேன். கரண்டி தட்டில் உரசும் சத்தம்தான் கேட்டது. கண்ணைத் திறந்தபோது அவர் தட்டில் பாதி காலியாகியிருந்தது. பாவம், அவ்வளவு பசி போலிருக்கிறது என்று நானும் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, அப்பா சாப்பிட்டாங்க. பசி தாங்காம ஜெபம்கூடப் பண்ணாம சாப்பிட்டாங்க."

அம்மா கையிலிருந்த பாத்திரத்தோடு சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு நல்ல செய்தியைக் கொண்டுவந்திருக்கிறேன், அம்மாவுக்கு ஏன் சந்தோஷமில்லை என்று எனக்குக் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.