தோன் சீதி காட்டிய திசை

எங்கள் தீவில் மீன் எங்கே பிடித்தாய் என்று கேட்பது மரியாதை. அதற்குப் பொய் சொல்வது அதைவிட மரியாதை. கேட்காமல் விட்டால், என் மீன் அவ்வளவு மட்டமா என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். உண்மையைச் சொன்னால் ஆளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று பேசிக்கொள்வோம்.

இதில் தோன் சீதியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சாயங்காலமானால் என் தேநீர்க்கடைக்குக் கலவாவும் விளமீனும் கொண்டுவருவார்.

"எங்கண்ணே பிடிச்சீங்க?"

முகவாயை வடக்கே நீட்டுவார். அப்படியென்றால் தெற்கு. தெற்குக் கடலில் எங்கோ நீருக்கடியில் ஒரு பவளத் திட்டு, அவர் மட்டுமே அறிந்தது. அவருடைய ஆறு பிள்ளைகளும் அந்தத் திட்டில் சாப்பிட்டுத்தான் வளர்ந்தார்கள். "ஆறு பெத்தாச்சு, இன்னும் எங்கிட்டயே வடக்குன்னுதான் சொல்றாரு மனுஷன்" என்பாள் அவர் மனைவி ஸகியா.

தென்மேற்குப் பருவத்தில் ஒரு பிற்பகல். டைவிங் பள்ளிப் படகு, பாறைகளுக்கு நடுவே நீர் பாயும் கிழக்குக் கடல்வாயில் மூன்று பேரை இறக்கியது. இரண்டு ஜெர்மன்காரர்கள், அவர்களுக்கு வழிகாட்டியாக எங்கள் ஊர் ஷியாம். மூன்று பேரையும் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. போன படகுகளெல்லாம் கிழக்கே தேடின. சீதி கரையேறியபோது துறையில் ஷியாமின் அம்மா மணலில் உட்கார்ந்திருந்தாள். படகோட்டி விஸாம் தேடப் போவதற்காக வேகப்படகைக் கிளப்பிக்கொண்டிருந்தான்.

"கிழக்கே என்னத்தத் தேடுறது? மதியமே ஓட்டம் திரும்பிடுச்சு. தெக்க போ" என்றார் சீதி.

"சீதிண்ணே தெக்குன்னா வடக்குதான்" என்று விஸாம் படகை வடக்கே திருப்பினான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

சீதி தன் தோணியைப் பார்த்தார். அது போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும். பிறகு துறையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"நில்லுடா. பள்ளிவாசல் மினாருக்கு நேர் பின்னால பவர்ஹவுஸ் புகைபோக்கி வரணும். ஆளில்லாத் தீவுல இருக்கற ரெட்டைத் தென்னை ஒரே மரமாத் தெரியணும். ரெண்டும் சேர்ற இடத்துலதான் என் திட்டு. ஓட்டம் திரும்பினா, அறுந்த மிதவையெல்லாம் அங்கதான் வந்து சுத்தும்."

இந்த அடையாளங்களைப் பெற்ற பிள்ளையிடம்கூட யாரும் சொல்லமாட்டார்கள்.

"ஏறுங்கண்ணே" என்றான் விஸாம்.

வெளிச்சம் இருக்கும்போதே மூன்று பேரும் கிடைத்தார்கள், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, அந்தத் திட்டுக்கு மேலேயே. ஷியாமின் அம்மா சீதியின் கையைப் பிடித்தவள் விடவேயில்லை.

அடுத்த மாதமே டைவிங் படகுகள் அங்கே போக ஆரம்பித்தன. ஒரு நாள் வெளியூர்ப் பயிற்சியாளர் ஒருவர் சீதியிடம் பணிவாகச் சொன்னாராம்: "பெரியவரே, இங்க தூண்டில் போடாதீங்க. விருந்தாளிங்க மீன் பாக்கத்தான் வந்திருக்காங்க."

கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீதி தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். பிறகு கரையோரத்துப் பொடிமீன்தான். வழக்கம்போல் எங்கே என்று கேட்டேன். "இந்தா, இங்கதான். எல்லாருக்கும் தெரிஞ்ச இடந்தானே" என்று உள்ளபடியே கையைக் காட்டினார். எனக்கு அது பொறுக்கவில்லை. கேட்பதையே நிறுத்திவிட்டேன். ஒரு வருஷம் பேசாமல் மீனை வாங்கிக்கொண்டு தேநீர் கொடுத்தேன்.

போன வாரம் இரண்டு கலவாவோடு வந்தார். வால் தரையில் இழுபட்டது. எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"எங்கண்ணே பிடிச்சீங்க?"

தேநீரை ஒரு வாய் குடித்தார். கடையில் இருந்தவர்களைச் சுற்றிப் பார்த்தார். மெல்ல முகவாயை மேற்கே நீட்டினார்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் கண்ணில் நீர் முட்டியது. "மேக்க ஆழம் ஜாஸ்திண்ணே, பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு, அவர் தம்ளரில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டேன்.