பழுது இல்லாத பேட்ஸ்மேன்

ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா ஒழிந்து ஆர்டர்கள் கொட்ட ஆரம்பித்த சமயம், எங்கள் முதலாளிக்கு ஒரு கிரிக்கெட் டீம் வேண்டியிருந்தது. பக்கத்துக் கம்பெனிக்காரர் வைத்திருந்தார், வேறு காரணமில்லை. பனியன் கம்பெனிகளுக்குள் நடக்கும் லீக்கில் ஆடச் சம்பளம் கொடுத்தே ஆள் எடுப்பார்கள். பேருக்குச் செக்கிங் டேபிளில் ஒரு வேலை, மதியத்துக்கு மேல் பிராக்டிஸ். ஊர்ப் பொட்டலில் டென்னிஸ் பந்தை விளாசிக்கொண்டிருந்த பையன்களுக்கு அது சர்க்கார் உத்தியோகம் மாதிரி.

அவர்களை எடை போடும் வேலை என் தலையில் விழுந்ததற்கு என் வாய்தான் காரணம். காலேஜ் டீமில் இருந்தவன் என்று கேண்டீனில் பத்து வருடமாக அளந்திருந்தேன். இருந்தது உண்மைதான், பன்னிரண்டாவது ஆளாக. மைதானத்துக்குள் நான் கொண்டுபோனதெல்லாம் தண்ணீர்.

என் நிஜ உத்தியோகம் குவாலிட்டி பார்ப்பது. அதற்கு முந்தின மாதம்தான், நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒரு லாட் பனியனைக் கழுத்துப் பட்டியில் நிறம் தப்பிவிட்டதென்று, சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் திருப்பி அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து எதில் கையெழுத்துப் போட்டாலும் எனக்கு வயிறு கலங்கும். மகளின் ராங்க் கார்டில் போட்டுவிட்டுப் பாத்ரூமுக்கு ஓடியிருக்கிறேன்.

எங்கள் தொழிலில், பையர் ஒப்புக்கொண்டு சீல் வைத்த பீஸ் ஒன்று இருக்கும். அதை டேபிளில் விரித்துவைத்து, மற்ற பீஸ்களை அதோடு ஒப்பிட்டுக் குறை தேட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. ஆகவே பேட்ஸ்மேனுக்கும் ஒரு சாம்பிள் பிடித்தேன். முதலாளியின் மைத்துனர் மகன், கோயம்புத்தூரில் கோச்சிங் போனவன். இடது முழங்கை மேலே, பேட் நேராக, தலை பந்துக்கு மேலே. அவனைப் பத்து நிமிடம் ஆடவிட்டுக் கண்ணில் பதித்துக்கொண்டேன். எழுத எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் ஃபாரத்தையே எடுத்துக்கொண்டேன். பெரிய குறைக்கு மெஜர், சின்னதுக்கு மைனர் என்று கட்டம் போட்டது, அடியில் ரோஸ் நிறக் காப்பி.

சாயம் போடும் டையிங் யூனிட்டுக்குப் பின்னாலிருந்த மைதானத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினாலு பேர் வந்தார்கள். ஒருவனைப் பற்றித்தான் சொல்ல இருக்கிறது. பல்லடத்துப் பையன், தறி ஓட்டுகிறவன். பந்து போடுகிறவனுக்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு, காலை அகட்டி, கீழ்க்கையால் பேட்டை நெரித்துப் பிடித்து நின்றான். சாம்பிளோடு ஒரு இடத்திலும் ஒத்துப்போகவில்லை. லெதர் பந்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறானாம். முதல் பந்து டையிங் யூனிட் தகரக் கூரையில் போய் விழுந்தது. மூன்றாவதும் அங்கேயே. டீ கொண்டுவந்தவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

பேட்டில் பட்ட சத்தத்திலேயே இவன்தான் ஆள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததுதான் வினை. இவனை எடுத்து, இவன் முதல் மேட்சில் முட்டை போட்டால், இத்தனை கோணலைப் பார்த்துக்கொண்டா கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்பார்களே. குறையை எழுதிவைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். எழுதினேன். நாலு மெஜர், அஞ்சு மைனர். ரிஜெக்ட்.

வழக்கப்படி ரோஸ் காப்பியை அவனிடம் கொடுத்தேன். மேலும் கீழும் பார்த்தான்.

"ஏனுங்ணா, அடிச்சத எங்கீங்ணா எழுதீருக்குது?"

"அதுக்கு இந்த ஃபாரத்துல எடமில்ல கண்ணு. தகரத்து மேல உளுந்ததெல்லாம் டையிங்காரன் பாத்துக்குவான்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். காப்பியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான்.

அவனுக்குப் பதிலாக நான் எடுத்தவனுக்கு ஒரே ஒரு மைனர், ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது. லீக்கில் அவன் அவுட்டே ஆகவில்லை. ஒவ்வொரு மேட்சிலும் கடைசி வரை நிற்பான், ரன் மட்டும் வராது. முதலாளி ஆறு மாதம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "ஏனுங்க, இவன டீமுக்கு எடுத்தீங்களா, வாட்ச்மேனுக்கு எடுத்தீங்களா?" என்றார். பிறகு, டீக்காரர் சொன்னாராம், அந்தத் தகரத்தை நசுக்கின பையன் எங்கே என்று கேட்டார்.

பல்லடம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். தறிக்குடோனைத் தேடிப் பிடித்து, இரைச்சலில் அவன் காதுக்குள் கத்தி விஷயத்தைச் சொன்னேன். இங்கேதான் ஆடிப் பழகினேன் என்று வெளியே ஒரு ஒடுங்கின சந்தைக் காட்டினான். இரண்டு பக்கமும் குடோன் சுவரும் ஜன்னலும். நெஞ்சைக் காட்டி நின்று, நேராகத் தூக்கி அடித்தால்தான் அங்கே பந்து பிழைக்கும். நான் மெஜர் என்று எழுதியது அந்தச் சந்தின் அகலத்தை.

அடுத்த ஞாயிறு வந்தான். முதலாளியும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பையன் பிட்சில் போய் நின்றதும் எனக்கு ஆள் மாறிவிட்டதோ என்று தோன்றியது. இடது முழங்கை மேலே, பேட் நேராக, தலை பந்துக்கு மேலே. பந்து பேட்டில் பட்டு, வந்த வழியே உருண்டு போனது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

ஓடிப்போய்க் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ரோஸ் காப்பியை எடுத்துக் காட்டினான். மடிப்பில் கிழிந்திருந்தது. ஒன்பது வரியையும் பேனாவால் அடித்திருந்தான். ஷிப்டு முடிந்து தினமும் ஒரு மணி நேரமாம், ஆறு மாதமாக.

"கண்ணு, இதெல்லாம் உட்டுரு. அன்னிக்கு அடிச்சியே, அப்படி அடி."

காலை அகட்டிப் பார்த்தான். பந்து நடுவில் புகுந்து ஸ்டம்பைச் சாய்த்தது. மறுபடியும் ஒன்று. பேட்டைப் பார்த்தபடி நின்றான்.

"வரமாட்டீங்குதுங்ணா. அத மறக்கத்தானுங்க ஆறு மாசமாச்சு."

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். காரில் ஏறிப் போய்விட்டார்.

பையன் கிளம்பாமல் நின்றான். இன்றைக்கு ஃபாரம் எழுதவில்லையா என்று கேட்டான். உட்கார்ந்து எழுதினேன். மெஜர் இல்லை, மைனர் இல்லை. பாஸ். கையெழுத்தும் போட்டேன். அதிசயமாக, வயிறு சும்மா இருந்தது.

காப்பியை வாங்கி முழுக்கப் படித்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப எப்பங்ணா வேலைக்கு வரோணும்?"

போன் பண்ணுகிறேன் என்றேன். தறிக்குடோன் நம்பரை என் ஃபாரத்தின் பின்னால் எழுதிக் கொடுத்தான். மதியம் இரண்டு மணிக்குத் தறியை நிறுத்துவார்கள், அப்போது அடித்தால்தான் காது கேட்கும், போன் பக்கத்திலேயே இருக்கிறேன் என்றான்.

அந்த வாரம் முழுக்க, இரண்டு மணிக்கு நான் பாத்ரூமில் இருந்தேன்.